எச்ஓ கூட்ஸ் வேகன்: கப்ளிங்கை மாற்றினால் நிஜ ரேக் போல ஆகிவிடுமா?

கேள்வி: 2 ஜூன், மாலை 6.40 (திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

அண்ணா, என்னிடம் எச்ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவில், 8 பாக்ஸ்என் (நிலக்கரி ஏற்றும் திறந்த வேகன்) மாதிரி வேகன்கள் இருக்கின்றன. வேகன்களை இணைக்கக் கூடவே வந்த கொக்கிக் கப்ளிங்கைப் பார்த்தாலே பொம்மை என்று தெரிந்துவிடுகிறது. கேடி என்ற அமெரிக்க நிறுவனத்தின் கப்ளர் போட்டால் போதும், நிஜ ரேக், அதாவது வேகன்கள் பூட்டிய முழு கூட்ஸ் வண்டி மாதிரியே ஆகிவிடும் என்கிறார்கள். உண்மையா? எந்த எண்ணை வாங்குவது?

2 ஜூன், இரவு 10.15

உண்மைதான் தம்பி, மாற்றுங்கள். நான் போன வருடம் இதே போல 8 வேகனில் தொடங்கினேன், இப்போது 22-இல் நிற்கிறேன்.

அமெரிக்கக் கப்ளர் நம் வேகனுக்கு எப்படிப் பொருந்தும் என்று முதலில் எனக்கும் சந்தேகம் இருந்தது. பொருந்துகிறது, காரணமும் இருக்கிறது. பாக்ஸ்என் வேகனில் இருக்கும் சிபிசி, அதாவது நடுவில் ஒரே கப்ளர், பக்கத்தில் இடி தாங்கும் பஃபர் கிடையாது, அது அமெரிக்க நக்கிள் கப்ளரின் வம்சம். எலி ஜானி 1873-இல் காப்புரிமை வாங்கிய யோசனை அது: இரண்டு கைகள் விரல்களை மடக்கி ஒன்றையொன்று கோத்துக்கொள்வது போல. அதற்கு முன் அங்கே ஆட்கள் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கையை விட்டு வளையத்தையும் ஆணியையும் மாட்டினார்கள், விரல் போனது, கை போனது, உயிரும் போனது. 1893-இல் தானாகப் பூட்டும் கப்ளர் வேண்டும் என்று சட்டமே வந்தது. அந்த நக்கிளைத்தான் கேடி எச்ஓ அளவில் சின்னதாகச் செய்கிறது. ஐரோப்பிய வேகன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது, அவர்களுக்கு நிஜத்தில் கொக்கியில் மாட்டித் திருகி இறுக்கும் ஸ்க்ரூ கப்ளிங்.

எண்ணுக்கு வருகிறேன். 5-ஆம் எண் பல பத்தாண்டுகளாக எல்லோரும் போடுவது. தலை நிஜ விகிதத்தைவிடக் கொஞ்சம் பெரியது. 58-ஆம் எண்ணில் அதே கழுத்து, அதே பெட்டி, தலை மட்டும் சிறியது. இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். 148-உம் 158-உம் அவற்றுக்கு மீசை வைத்த வடிவங்கள்: கப்ளரை நடுவுக்குத் தள்ளும் ஸ்பிரிங் தனித் தகடாக வராமல் கழுத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய மீசையாகவே ஒட்டியிருக்கும். பெட்டிக்குள் போட்டு மூடினால் வேலை முடிந்தது. 158 வாங்குங்கள். தலை சிறிதானாலே போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

பெயரைப் பற்றி ஒன்று. கூரியர் வந்த அன்று என் அம்மா "யார்டா அந்தக் கேடி, உனக்குப் பார்சல் அனுப்புறவன்?" என்று கேட்டார். கீத், டேல் என்ற எட்வர்ட்ஸ் இரட்டையரின் முதலெழுத்துகள் என்று விளக்கிச் சொன்னேன். அவர் இன்றுவரை அவர்களை நம்பவில்லை.

3 ஜூன், காலை 7.05

ஒன்று விட்டுப்போயிற்று. நக்கிளைத் திரும்ப மூடுகிற ஸ்பிரிங் எள்ளைவிடச் சிறியது. கழன்று பறந்தால் தேடிப் பிடிக்க முடியாது. மாட்டும் முன் தையல் நூலை ஸ்பிரிங்குக்குள் கோத்து, நூலின் முனையை மேஜையில் டேப்பால் ஒட்டிவிடுங்கள். கத்தி முனையை ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றுக்குள் செருகி, ஒரு முனையை மாட்டி, லேசாக அமுக்கி மறு முனையையும் மாட்டியபின் நூலை உருவிக்கொள்ளலாம். கூடவே உதிரி ஸ்பிரிங் வரும், அதைப் பத்திரமாக வையுங்கள்.

5 ஜூன், இரவு 11.30

2-ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். "தலை சிறிதானாலே போதும்" என்றேன். அது தவறு.

நேற்று இரவு 22 வேகனையும் மேஜையில் நீளமாக நிறுத்தி, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு பாதிக்கு 5-ஆம் எண், இன்னொரு பாதிக்கு 58. ஓர் அடி தள்ளி நின்றால் எது எது என்று எனக்கே தெரியவில்லை. மாறாக உடனே உறுத்தியது வேறு ஒன்று. 6 வேகன்களில் கப்ளரைப் போகியிலேயே, அதாவது சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்திலேயே விட்டு வைத்திருந்தேன், பழைய கொக்கி இருந்த அதே பொந்தில் செருகும் வகை. மீதி 16-இல் உடலோடு சேர்த்துத் திருகியிருந்தேன். போகியில் இருந்தவற்றுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது, பல் விழுந்த வாய் மாதிரி.

உடனே கணக்குப் போட்டேன். நிஜ பாக்ஸ்என் கப்ளர் முகத்திலிருந்து கப்ளர் முகம் வரை 10,713 மி.மீ. ஹெட்ஸ்டாக்கிலிருந்து (வேகன் உடலின் முனைச் சட்டம்) ஹெட்ஸ்டாக் வரை 9,784 மி.மீ. வித்தியாசம் 929. இரண்டு வேகன் பூட்டி நிற்கும்போது நடுவில் இருக்கும் இடைவெளி அதுதான், ஒரு மீட்டர்கூட இல்லை. மூடிய வேகனான பிசிஎன்-இல் 15,429-க்கும் 14,500-க்கும் வித்தியாசம் பார்த்தால் அங்கேயும் அதே 929. எண்ணெய் டேங்கர் பிடிபிஎன்-இலும் அப்படியே. ஆக இந்திய கூட்ஸ் வண்டிக்கு இது ஒரு பொது அளவு என்றே வைத்துக்கொள்ளலாம். 87-ஆல் வகுத்தால் எச்ஓவில் 10.7 மி.மீ.

என் போகிக் கப்ளர்களில் அளந்தது 17 மி.மீ. நிஜத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். 22 வேகனும் அப்படி இருந்தால் 21 இடைவெளிகளிலும் சேர்த்து 13 செ.மீ. கூடுதல். ஒரு வேகனே கப்ளரோடு சேர்த்து 12.3 செ.மீ.தான்! அதாவது ரேக்கில் ஒரு முழு வேகன் அளவுக்கு வெறும் காற்று.

நிலக்கரி ரேக் போகும்போது நம் கண் தனி வேகனைப் பார்ப்பதில்லை. நீளமான ஒரு கறுப்புச் சுவர், அதில் சீராக விழும் மெல்லிய கீறல்கள். அந்தக் கீறல் அகலமானால் சுவர் உடைந்துபோகிறது. கப்ளர் தலையின் அழகை எவ்வளவு மெருகேற்றினாலும் இதைச் சரிக்கட்ட முடியாது.

ஆகவே தம்பி, முதல் வேலை: போகியிலிருந்து கப்ளரைக் கழற்றி உடலில் மாட்டுவது.

6 ஜூன், மதியம் 1.20

கோவையிலிருந்து ஒரு அண்ணன் கேட்கிறார்: இவ்வளவு நெருக்கினால் வளைவில் மூலைகள் இடிக்காதா? என்னிடம் 18 அங்குல வளைவு, அதாவது 457 மி.மீ. ஆரம்தான் இருக்கிறது என்கிறார்.

பாக்ஸ்என்னுக்கு இடிக்காது அண்ணே. நிஜ அகலம் 3,200 மி.மீ., மாதிரியில் 37 மி.மீ. 457 மி.மீ. ஆரத்தில் அடுத்தடுத்த இரண்டு வேகன்களுக்கு நடுவே ஏறக்குறைய 15 டிகிரி திரும்புகிறது. உள்பக்க மூலைகள் ஒன்றையொன்று நோக்கி 5 மி.மீ. நெருங்கும். இடைவெளி 10.7, மிச்சம் 5 மி.மீ.க்கு மேல். குட்டையான வேகன் என்பதால் தப்பிக்கிறோம். நீளமான பயணிகள் பெட்டியில் இதே கணக்கைப் போட்டால் மிச்சம் ஒன்றுமே இருக்காது, உரசும்.

ஆனால் இடப்பக்கம் வளைந்து உடனே வலப்பக்கம் வளையும் எஸ் வடிவ இடத்தில் கவனம் வேண்டும். உடலில் மாட்டிய கப்ளர் ஒரு வேகனை இந்தப் பக்கமும் அடுத்ததை அந்தப் பக்கமும் இழுக்கும். நடுவில் ஒரு வேகன் நீளத்துக்காவது நேர்த் தண்டவாளம் போடுங்கள்.

போகியில் கப்ளர் இருந்தால் வளைவில் சுலபமாகத் திரும்பும் என்பது உண்மை. பின்னால் தள்ளும்போதுதான் சிக்கல்: தள்ளும் விசை போகியைத் திருகி, சக்கரத்தைத் தண்டவாளத்தின் மேல் ஏற்றிவிடும். 10 வேகனுக்கு மேல் ஷண்டிங் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

8 ஜூன், இரவு 9.50

மாட்டும் முறை. இதில் நான் ஒரு வேகனைப் பாழாக்கிவிட்டேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கப்ளர் பெட்டியை முதலில் சூப்பர் க்ளூவால் ஒட்டினேன். கேடியோடு வருகிற பெட்டி வழுக்குப் பிளாஸ்டிக், அதில் பசை பிடிக்காது என்று எனக்குத் தெரியாது. பிடிக்கவில்லையே என்று இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். அது பெட்டியின் விளிம்பு வழியாக உள்ளே வழிந்து, கப்ளர், மீசை ஸ்பிரிங், மூடி எல்லாம் ஒரே கட்டியாக இறுகிவிட்டன. பிடுங்கும்போது ஹெட்ஸ்டாக்கின் ஒரு மூலையும் கையோடு வந்தது. நல்ல வேகன். மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஸ்க்ரூதான் வழி. அமெரிக்கர்கள் 2-56 என்று ஒரு அளவு சொல்வார்கள், நம் ஊரில் அதைத் தேடி அலைய வேண்டாம், எம்2 போதும். மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளிலேயே கிடைக்கும். பெட்டியின் நடு ஓட்டை வழியாக வேகனின் அடியில் குறி வைத்து, கைத் துரப்பணத்தால் துளை போட்டு, எம்2 டேப்பால் (மரை வெட்டும் கருவி) மரை எடுத்து முறுக்குங்கள். மின் டிரில் வேண்டாம், பிளாஸ்டிக் உருகித் துளை பெரிதாகும். அடித்தளம் மெல்லியதாக இருந்தால் முதலில் 2 மி.மீ. பிளாஸ்டிக் தாள் துண்டை உள்ளே ஒட்டிக்கொள்ளுங்கள், இங்கே பசை நன்றாகவே பிடிக்கும்.

பெட்டியின் முகம் ஹெட்ஸ்டாக்கோடு சமமாக இருந்தபோது எனக்கு இடைவெளி 12 மி.மீ. வந்தது. பெட்டியை ஒவ்வொரு முனையிலும் அரை மி.மீ.க்குச் சற்று மேல் உள்ளே தள்ளியதும் 10.7. உங்கள் வேகனில் வேறாக வரலாம். முதலில் இரட்டைப் பக்க டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, இரண்டு வேகனைப் பூட்டி அளந்துவிட்டு அப்புறம் துளை போடுங்கள்.

8 ஜூன், இரவு 10.10

துளைக்கு அளவு எழுத மறந்தேன்: எம்2 மரைக்கு 1.6 மி.மீ.

9 ஜூன், காலை 6.45

எண்ணெய் விடாதீர்கள். யாரோ தையல் மெஷின் எண்ணெய் விட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும் என்று சொன்னார்களாம். எண்ணெயில் தூசி ஒட்டும், கொஞ்ச நாளில் பிசுபிசுத்துக் கப்ளர் நடுவுக்குத் திரும்பாமல் ஒரு பக்கமாகவே நிற்கும். கிராஃபைட் பொடிதான் சரி. கேடியே விற்கிறது. நான் 8பி பென்சிலை உப்புத்தாளில் தேய்த்து அந்தத் தூளைத் தூரிகையால் பெட்டிக்குள் இடுகிறேன், குறையில்லாமல் வேலை செய்கிறது.

15 ஜூன், இரவு 10.40

ஞாயிற்றுக்கிழமை ஜோலார்பேட்டை போயிருந்தேன், சொந்தக்காரர் வீட்டு விசேஷம். திரும்பும்போது பிளாட்பாரத்தை ஒட்டிய லைனில் ஒரு நிலக்கரி ரேக் சிக்னலுக்காக நின்றது. பாக்ஸ்என், முழு லோடு. அரை மணி நேரம் அதன் பக்கத்திலேயே நடந்தேன், மனைவி பெஞ்சில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார்.

இடைவெளியை நிஜத்தில் பார்க்கத்தான் போனேன். பார்த்தது வேறு. கப்ளர் பிளாட்பாரத்துக்கு மேலே இருந்தது. விளிம்புக்கு மேல் ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில், கண்ணுக்குத் தெளிவாக, கனமாக, துருப்பிடித்து, இரண்டு முஷ்டிகள் கோத்தது போல.

வீட்டுக்கு வந்து என் வேகனை என் மாதிரிப் பிளாட்பாரத்தின் பக்கத்தில் நிறுத்தினேன். கப்ளர் பிளாட்பார விளிம்புக்கு நேர் மட்டத்தில் இருந்தது. பக்கத்திலிருந்து பார்த்தால் பாதி மறைந்தே போகிறது.

நம் உயர்மட்டப் பிளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. வரை. என்னுடையது 840-ஐ வைத்துச் செய்தது, எச்ஓவில் 9.7 மி.மீ. கேடியின் உயர அளவுகோல், அந்த 205-ஆம் எண் உலோகத் துண்டு, கப்ளரின் நடுவை 9.9 மி.மீ.இல் வைக்கச் சொல்கிறது. அது அமெரிக்க உயரம்: அங்கே நிஜத்தில் அதிகபட்சம் 34.5 அங்குலம், 876 மி.மீ. நம் அகலப்பாதையில் கப்ளர் உயரம் அதிகபட்சம் 1,105 மி.மீ. எச்ஓவில் 12.7. கிட்டத்தட்ட 3 மி.மீ. தாழ்வாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்!

எவ்வளவு நாள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், கண்ணில் படவே இல்லை. வேகனைத் திருப்பிப் பார்த்தால் ஹெட்ஸ்டாக்கின் நடுவே, சரியான இடத்தில், கப்ளர் வெளிவரும் துவாரத்தின் வடிவத்தை அச்சில் அழகாக வார்த்திருக்கிறார்கள். நான் அதற்குக் கீழே ஒரு பெட்டியைத் தொங்கவிட்டிருக்கிறேன். தாடையின் கீழே இன்னொரு வாய் வைத்த மாதிரி.

அமெரிக்க வேகனுக்கு அந்த அளவுகோல் சரியானது, அதில் குறையே இல்லை. எந்த நாட்டு வேகன் என்று முதலில் நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

16 ஜூன், காலை 8.30

நேற்றைய 12.7-ஐத் திருத்துகிறேன். 1,105 என்பது காலி வேகனுக்கு. லோடு ஏறினால் போகி ஸ்பிரிங் அமுங்கும், சக்கரமும் தேயும், 1,030 வரை இறங்க அனுமதி உண்டு. எச்ஓவில் 11.8. என் ரேக் நிலக்கரி ஏற்றியது, அதனால் 12 மி.மீ.இல் வைக்கப் போகிறேன். காலி ரேக் செய்கிறவர்கள் 12.5-க்கு மேல் வையுங்கள். லோடு வண்டி ஒரு லைனிலும் காலி வண்டி பக்கத்து லைனிலும் நின்றால் அந்த வித்தியாசம் லேசாகத் தெரியும், தெரியவும் வேண்டும்.

இன்னொன்று. புகைப்படத்திலிருந்து அளவெடுக்கச் சக்கரத்தை அளவுகோலாக வைத்தேன், புதுச் சக்கரம் 1,000 மி.மீ. விட்டம் என்பதால். கணக்கு ஒத்து வரவில்லை. சக்கரம் 906 மி.மீ. வரை தேய்ந்தபின்தான் கழிக்கப்படுகிறது, அதாவது என் அளவுகோலே கிட்டத்தட்ட 10 சதவீதம் பொய் சொல்லக்கூடும். உடல் நீளமான 9,784-ஐ அளவுகோலாக்கினேன், எல்லாம் பொருந்தியது. இடைவெளியும் பொருந்தியது, அதில் ரொம்ப சந்தோஷம்.

20 ஜூன், இரவு 11.15

உயர்த்தும் வேலை. முதலில் போகிக்கும் உடலுக்கும் நடுவே ஃபைபர் வாஷர் வைத்து உயர்த்தலாம் என்று நினைத்தேன். கூடாது. 2 மி.மீ. வாஷர் வைத்தால் வேகனே எம்பி நிற்கும், சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே வானம் தெரியும். கால் மி.மீ., அரை மி.மீ. சரிசெய்ய மட்டும்தான் வாஷர்.

செய்தது இது: ஹெட்ஸ்டாக்கில் அந்த வார்ப்புத் துவாரத்தைக் கூரான கத்தியால் நிஜமாகவே வெட்டித் திறந்தேன். அடித்தளத்தின் நடுச் சட்டத்தில் பெட்டி உட்காரும் அளவுக்குப் பள்ளம் எடுத்தேன். பெட்டியை மேலே ஏற்றி, துவாரத்தின் வழியே கப்ளரை வெளியே விட்டேன். இடம் போதாத வேகன்களுக்குக் கழுத்தைவிடத் தலை உயர்ந்திருக்கும் கேடி வகை ஒன்று இருக்கிறது, அதைப் போட்டேன். ஒரு முனைக்கு முக்கால் மணி நேரம். 40-க்கும் மேற்பட்ட முனைகள். பொறுமை வேண்டும், ஆனால் ஒவ்வொன்றும் முடியும்போது வேகன் முகமே மாறுகிறது.

சரி, இன்ஜின்? என் டபிள்யூஏஜி-9 இன்னும் 9.9-இல்தான் இருக்கிறது. நண்பர்களின் தண்டவாளத்துக்கு எடுத்துப் போகும்போது அங்கே எல்லோரும் 9.9. அதனால் ரேக்கின் முதல் வேகனை மட்டும் ஒரு முனை 9.9, மறு முனை 12 என்று வைத்தேன். கடைசியில் கார்டு பெட்டிக்கும் அப்படியே. நடுவில் 20 வேகனும் நிஜ உயரத்தில். முதல் வேகனின் முன் முனை பொய்தான், ஆனால் இன்ஜினின் பஃபர்கள் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன.

இது ஏமாற்று வேலை என்று ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிஜ ரயில்வேயே இதைத்தான் செய்தது. சிபிசி வேகனையும் ஸ்க்ரூ கப்ளிங் பெட்டியையும் ஒரே இன்ஜின் இழுக்க வேண்டியிருந்ததால், நம் இன்ஜின்களில் நடுவில் சிபிசியும் பக்கத்தில் பஃபரும் இரண்டுமே உண்டு. ஐசிஎஃப் பெட்டி (பெரம்பூர் தொழிற்சாலையின் பழைய வகைப் பயணிகள் பெட்டி) மாட்டும்போது சிபிசியிலிருந்தே ஸ்க்ரூ கப்ளிங்கைத் தொங்கவிடுவார்கள். இரண்டு காலங்களை ஒரே முகத்தில் தாங்கிக்கொண்டு ஓடுகிற இன்ஜின்கள் அவை.

21 ஜூன், காலை 7.20

தண்டவாள அகலத்தையே மாற்றாமல் கப்ளர் உயரத்தில் 2 மி.மீ.க்கு மல்லுக்கட்டுவது எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் 1,676 மி.மீ. பாதை எச்ஓவில் 19.3 மி.மீ. வர வேண்டும், நாம் எல்லோரும் 16.5-இல் ஓட்டுகிறோம். ஆனால் ரேக்கைப் பக்கவாட்டில்தான் பார்க்கிறோம். அகலம் முனையில் நின்று பார்த்தால் மட்டுமே தெரியும், உயரமும் இடைவெளியும் பக்கத்திலிருந்து எப்போதும் தெரியும். அதனால் என் நேரத்தை அங்கே செலவழிக்கிறேன்.

24 ஜூன், இரவு 9.30

டிரிப் பின். கப்ளருக்குக் கீழே வளைந்து தொங்கும் கம்பி. தண்டவாளத்துக்கு நடுவே காந்தம் பதித்து, அதன் மேல் நிறுத்தினால் இந்தக் கம்பி விலகி நக்கிள் திறக்கும். அருமையான கண்டுபிடிப்பு. பிரேக் ஹோஸ் போலத் தெரியட்டும் என்றுதான் வளைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் கப்ளரை 2 மி.மீ. உயர்த்தியபின் அந்தக் கம்பி காந்தத்திலிருந்து தள்ளிப்போய்விட்டது, எட்டவில்லை. கீழே வளைத்தால் அசிங்கம். இரண்டு நாள் யோசித்துவிட்டு 20 வேகனிலும் வெட்டிவிட்டேன். வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துண்டு தெறிக்கும்.

இப்போது கழற்றுவது மூங்கில் குச்சியால். முனையைத் தட்டையான உளி போலச் சீவி, இரண்டு நக்கிளுக்கு நடுவே மேலிருந்து செருகி லேசாகத் திருகினால் விட்டுவிடும். ஈர்க்குச்சி முயன்றேன், வளைகிறது.

வெட்டிய இடத்தில் நிஜ ஹோஸ் வைத்தேன். கப்ளருக்குப் பக்கத்தில் ஹெட்ஸ்டாக்கிலிருந்து இறங்கும் பிரேக் பைப்புக்கு, கறுப்பு உறை போட்ட மெல்லிய ஒயர். முனையில் ஒரு பொட்டுப் பசை விட்டால் இணைப்புத் தலை போல உருண்டு நிற்கும். பைப்பின் உலோகப் பகுதிக்குப் பச்சை, அது பிரேக் பைப்பின் நிறம். இன்ஜினில் அதன் பக்கத்திலேயே வெள்ளையில் ஃபீட் பைப் இருக்கும். அப்புறம் கப்ளரிலிருந்து வேகனின் பக்கத்து மூலை வரை ஓடும் கைப்பிடிக் கம்பி, வண்டிகளைப் பூட்டிக் கழற்றும் பாயிண்ட்ஸ்மேன் வெளியே நின்றபடியே இழுத்துக் கப்ளரைத் திறப்பது. 0.4 மி.மீ. பித்தளைக் கம்பி. ஜானியின் கப்ளரே அந்த மனிதன் உள்ளே கை விடக்கூடாது என்று வந்ததுதானே, அந்தக் கம்பி இல்லாமல் கப்ளர் முழுமையாகாது என்று எனக்குத் தோன்றும்.

கப்ளருக்குப் பெயின்ட்: துரு நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து வெளிப்புறம் மட்டும். நக்கிளின் உள்முகத்திலும் ஸ்பிரிங்கிலும் படக்கூடாது.

27 ஜூன், மாலை 5.00

இரண்டு கேள்விகளுக்குச் சேர்த்து.

ஐசிஎஃப் பெட்டிக்குக் கேடி போடலாமா? ஓடும், ஆனால் பொருந்தாது. பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய அந்தப் பெட்டி வரிசை 2018-இல் நிற்கும் வரைக்கும் ஸ்க்ரூ கப்ளிங்கும் பஃபரும்தான் அடையாளம். அதில் நக்கிள் வைத்தால் பெரம்பூர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். ரேக்கைப் பிரிக்காமலே ஓட்டுவீர்கள் என்றால் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பட்டையை நிரந்தரமாகத் திருகி, மேலே பொய் ஸ்க்ரூ கப்ளிங் ஒட்டுங்கள், இரண்டு கோடியில் மட்டும் கேடி. புது வகையான எல்எச்பி பெட்டிக்கு அந்தக் கவலையில்லை, அதில் நிஜத்திலேயே சிபிசி.

எச்ஓவைவிடச் சிறிய N ஸ்கேல் வைத்திருப்பவருக்கு: 160-ஆல் வகுத்தால் இடைவெளி 5.8 மி.மீ., உயரம் 6.4 முதல் 6.9 வரை. அதில் வழக்கமாக வரும் ஆர்னால்ட் ராபிடோ கொக்கி அந்த அளவில் தடிமனாகத் தெரியும், அதனால் மாற்றினால் கிடைக்கும் பலனும் எச்ஓவைவிட அதிகம். மைக்ரோ-டிரெய்ன்ஸ் பாருங்கள், 1990-இல் கேடியிலிருந்து பிரிந்த நிறுவனம், N அளவு அவர்களிடம் போனது.

2 ஜூலை, இரவு 11.50

22-உம் முடிந்தது. இன்று முதல் ஓட்டம்.

முதல் சுற்றிலேயே 9-ஆவது வேகன் இரண்டு முறை தடம் புரண்டது. கப்ளரைச் சந்தேகப்பட்டு அரை மணி நேரம் வீணாக்கினேன். எடை குறைவு. என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாதிரி ரயில் சங்கம்) பரிந்துரை எச்ஓவுக்கு 1 அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். பாக்ஸ்என்னுக்குக் கணக்குப் பார்த்தால் 90 கிராம். அது 58 கிராம்தான் இருந்தது. தூண்டில் ஈயக்குண்டுகளை நிலக்கரிக்கு அடியில் ஒட்டினேன், சரியாகிவிட்டது. உடலில் மாட்டிய கப்ளர் வந்தபின் எல்லா வேகனும் ஏறக்குறைய ஒரே எடையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் லேசான வேகனை முன்னாலிருப்பதும் பின்னாலிருப்பதும் சேர்ந்து உள்பக்கம் சாய்த்துவிடும்.

அப்புறம் விளக்கை அணைத்து, மேஜை விளக்கை மட்டும் பக்கத்திலிருந்து அடிக்கவிட்டு, மெதுவாகக் கிளப்பினேன். ஒவ்வொரு கப்ளரிலும் கொஞ்சம் தளர்வு இருக்கிறதல்லவா, இன்ஜின் நகர்ந்தபின் முதல் வேகன், அதன்பின் இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றாக இழுபட்டுக் கிளம்புகிறது. போகியில் கப்ளர் இருந்த காலத்தில் இது இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. ஜோலார்பேட்டையில் அந்த ரேக் கிளம்பியபோது சத்தம் முன்னாலிருந்து எங்களைக் கடந்து பின்னால் ஓடிப் போனது, தடதடவென்று, 58 வேகன் தூரத்துக்கு. இங்கே சத்தம் நகத்தால் தட்டுவது போலத்தான் கேட்கிறது. ஆனால் அதே வரிசையில் ஓடுகிறது, கார்டு பெட்டி கடைசியாக அசைகிறது. 11 தடவை நிறுத்தி நிறுத்திக் கிளப்பினேன். மனைவி வந்து எட்டிப் பார்த்து, "அன்னைக்குப் பார்த்த வண்டி" என்றார்.

3 ஜூலை, காலை 7.40

தம்பி, நீங்கள் கேட்டது எந்த எண் என்று. 158-ஐயே வாங்குங்கள், அதில் மாற்றமில்லை. எம்2 ஸ்க்ரூவும் மரை வெட்டும் டேப்பும் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள், 205-க்குப் பதில் 12 மி.மீ. உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டை நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். எட்டையும் ஒரே நாளில் பிரித்துப் போடாதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் பார்க்கவும் வேண்டாம், ஒரு வேகனில் ஒன்றும் தெரியாது. இரண்டை மாற்றி, பூட்டி, பிளாட்பாரத்தின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்புங்கள்.